நாற்பத்தொரு கொப்பியும் ஒரு சிவப்புப் பேனையும்

தமிழாசிரியர் வேலையில் படிப்பிப்பது சின்னப் பங்கு; மிச்சமெல்லாம் கொப்பி திருத்துவதுதான். பள்ளிக்கூடம் போகக் குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவுப் படகு ஏறும்போதும் என் மடியில் ஒரு கட்டுக் கொப்பி இருக்கும். வீட்டுக்குக் கொப்பி காவுகிற ஆசிரியர்களே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நன்று

முதல் சில வருடங்கள் எல்லாக் கட்டுரைக்கும் கீழே ‘நன்று. மேலும் முயல்க’ என்று எழுதினேன். கை தானாக எழுதிவிடும். ஒருநாள் எட்டாம் வகுப்பு ஜெனிற்றா தன் கொப்பியைப் புரட்டிக் காட்டினாள். ஒன்பது இடத்தில் அதே வரி. குறும்பில்லை, உண்மையாகவே அறியத்தான் வந்திருந்தாள்.

“ரீச்சர், நான் முயலுறன். எதை முயலுறது எண்டு ஓரிடத்திலயும் எழுதேல்லையே?”

வட்டங்கள்

வெட்கத்தில் மறுபக்கம் சாய்ந்தேன். இனி ஒரு பிழையும் தப்பாது என்று எல்லாவற்றுக்கும் சிவப்பு வட்டம் போட்டேன். ‘மறக்க முடியாத நாள்’ என்ற தலைப்பில் அதே வகுப்புக் கவிதா எழுதியிருந்தாள். அம்மாவுக்கு வயிற்றுக்குத்து. காற்றுக்குப் படகு ஓடவில்லை. அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போகப் பகல் முழுக்க இறங்குதுறையில் காத்திருந்தார்கள். அங்கேயே ‘தம்பி பிரந்தான்.’ வட்டமிட்டுப் ‘பிறந்தான்’ என்று திருத்தினேன். அடுத்த வசனம், ‘அவன் அழவில்லை.’ அதில் பிழை இல்லை, கடந்துபோனேன்.

இரண்டு நாளில் கவிதாவின் தாய் கொப்பியோடு வந்தார். சத்தம் போடவில்லை.

“அந்த நாளிலயிருந்து பிள்ளை இதைப்பற்றி வாய் திறக்கேல்லை. உங்களுக்குத்தான் சொல்லியிருக்கிறாள். நீங்கள் இதை வாசிச்சனீங்களோ ரீச்சர், திருத்தினனீங்களோ?”

ஒரு கேள்வி

கவிதாவைக் கூப்பிட்டு, “நான் வடிவா வாசிக்கேல்லை, பிள்ளை. என்னிலதான் பிழை” என்றேன். கட்டுரையின் கீழே ஒரு கேள்வி மட்டும் எழுதிக் கொடுத்தேன்: ‘அம்மாவின் கையை யார் பிடித்திருந்தார்கள்?’

நாலு பக்கம் எழுதி வந்தாள். அவள்தான் பிடித்திருந்தாள், படகு வந்தபிறகும் விடவில்லை. இந்தமுறை ஒவ்வொரு வரியாக ஆறுதலாக வாசித்து, “வாசிச்சிட்டன்” என்றேன். தலையாட்டிவிட்டுக் கொப்பியை வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஆளுக்கொரு கேள்வி. நாற்பத்தொரு கொப்பியையும் உண்மையாக வாசித்தால்தான் நாற்பத்தொரு கேள்வி வரும், முதுகு முறிகிறது. ஆசிரிய ஆலோசகர் மேற்பார்வைக்கு வந்தபோது அந்த நாலு பக்கத்தையும் முன்னும் பின்னும் புரட்டினார்.

“சிவப்புக் கோடு ஒண்டையும் காணேல்லை. இது திருத்தின கொப்பியோ, திருத்தாத கொப்பியோ?”

இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளைத் திருத்தியதில் உருப்படியாகத் திருந்தியது நான் ஒருத்திதான், அதுவும் அரைவாசி.