ஜெயித்தால் வண்டியைக் கொடுக்க வேண்டும்

துபாயிலிருந்து விடுமுறையில் வந்த என் தங்கை கணவர் பெட்டியைத் திறந்தார். சென்ட் இல்லை, சாக்லேட் இல்லை. கைலியில் சுற்றிய நான்கு ஷாக் அப்சார்பர்கள் இருந்தன.

“இத யாரு திங்கிறது?” என்றாள் தங்கை.

திருவையாற்றில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தவர் அந்தக் கோடையில் கார் ராலி நடத்தினார். ஆற்றில் தண்ணீர் விடுவதற்கு முன், கரையோர மண்பாதையில். சின்னக் கார்களுக்கு மட்டும். மாப்பிள்ளை எங்கள் காரில் புது ஷாக் அப்சார்பர்களை மாட்டினார். அதை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். தங்கை வீட்டிலும் என் வீட்டிலும் அடுப்பு எரிந்தது அதனால்தான்.

முதல் நாள் கூட்டத்தில் டிரைவிங் ஸ்கூல்காரர் விதியைச் சொன்னார். “யாரு வண்டியையும் நான் கழட்டிப் பாக்கப்போறதில்ல. ஆனா ஜெயிக்கிற வண்டிய, கூட ஓட்டுன யாரு வேணாலும் அம்பதாயிரத்துக்குக் கேக்கலாம். இல்லன்னு சொல்லக் கூடாது. அதனால வண்டிமேல காசக் கொட்டாதீங்க.”

மாப்பிள்ளை மேஜைமேல் இருந்த பரிசுக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்; விதி அவர் காதில் விழவில்லை. நாம் எங்கே ஜெயிக்கப்போகிறோம் என்று நானும் அதை அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தியபோது நாங்கள்தான் முதலில் இருந்தோம். இரண்டாவதாக வந்த சிமெண்ட் கடைக்காரர் எங்கள் காரைச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து உட்கார்ந்து, தன் உயரத்துக்குக் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டார்.

“மச்சான், அந்தாளு ஏன் நம்ம கண்ணாடியத் திருப்புறாரு?”

அப்போதுதான் விதியைச் சொன்னேன். மாப்பிள்ளை வாயில் வைத்த தயிர்சாதத்தை விழுங்கவில்லை.

“ஷாக்குக்கே அதுல பாதிக்கு மேல ஆச்சு, மச்சான். ரிப்பேர்னு நின்னுடுவமா?”

“கெட்டுப்போன வண்டின்னு பேராயிடும். அப்பறம் யாரு கல்யாணத்துக்குக் கூப்புடுவா?”

மெதுவாகப் போவது என்று முடிவாயிற்று. கரையில் ஒரு சைக்கிள் எங்களைத் தாண்டிப் போனது. புல்லுக்கட்டோடு போன அம்மாளும் தாண்டினார். பின்னால் வந்த சிமெண்ட் கடைக்காரர் மட்டும் தாண்டவில்லை. ஓரங்கட்டிக் கையைக் காட்டினேன். அவரும் நிறுத்தினார்.

“நீங்க போங்கண்ணே,” என்றேன்.

“பரவால்ல தம்பி, நீங்க போங்க. நீங்கதான் மொதல்ல வரணும்.”

“எங்களுக்கு அவசரமில்லீங்க.”

“எனக்கு இருக்கு. நீங்க போனாத்தான் எனக்கு நல்லது.”

அவருக்குப் பின்னால் மற்ற கார்களும் வந்து நின்று ஹாரன் அடித்தன. பாதை அகலம் ஒரு வண்டிக்குத்தான். கடைசியில் வந்த பிராய்லர் கடைக்காரர் பொறுக்காமல், சரிவில் இறங்கி, அறுத்த வயல் வழியாகவே போய்விட்டார். கோழி ஏற்றும் கார் அது. அதில் அவர் காசு செலவழித்துப் பல வருஷம் ஆகியிருக்கும்.

கோப்பை அவருக்கே கிடைத்தது. இரண்டாவது நாங்கள். அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் காருக்குப் பக்கத்திலேயே நின்றார்.

“ஒருத்தர்கூடவா கேக்க மாட்டீங்க? ஸ்டீரியோ வேற இருக்குங்க. சரி, நாப்பது குடுங்க.”

கடைசிவரை ஒருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை. டிரைவிங் ஸ்கூல்காரருக்கு மட்டும் சந்தோஷம். “பாத்தீங்களா, செலவே பண்ணாத வண்டி.”

சிமெண்ட் கடைக்காரர் என்னிடம் வந்தார். “தம்பி, ரெண்டாவது வந்த வண்டியக் கேக்கலாம்ல?”

“விதியில இல்லீங்க,” என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. அவர் டிரைவிங் ஸ்கூல்காரரைத் தேடித் திரும்புவதற்குள் காரை எடுத்துவிட்டேன்.

மதகு தாண்டிய பிறகுதான் மாப்பிள்ளையை ஏற்றவில்லை என்பது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போகலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். அப்புறம் நேராக வீட்டுக்குப் போனேன். அவர் பஸ்ஸில் வந்தார்.