பழசு சார் ‘புதுசு’ என்று சொன்னது

“அக்கா, அய்யா காலையில போயிட்டாங்க” என்று செந்தில் போனில் சொன்னபோது, கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் இருந்தேன். அழுகை வந்தது. அதற்கும் முன்னால் ஒரு நிம்மதி வந்தது. மறைத்து எழுத மனசில்லை. நல்லவேளை, அந்தப் பதில் வந்த பிறகுதான் போனார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். செந்திலின் அப்பா கருப்பையா சார், ராமநாதபுரத்தில் எங்கள் கல்லூரியின் கணினிப் பேராசிரியர். ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் மிளகாய் போடும் குடும்பம். செயற்கை நுண்ணறிவில் புதிதாக ஒன்று செய்திருக்கிறோம் என்று உதவித்தொகை கேட்டுப் பலர் எங்கள் கல்லூரிக்கு வருவார்கள். அது மெய்யாகவே புதிதா என்று பார்த்துச் சொல்லும் மூவரில் அவர் ஒருவர். அவர்களைக் கூட்டி உட்காரவைப்பது என் வேலை. ஓட்டு எனக்குக் கிடையாது, வாய் மட்டும் உண்டு.

முதல் கூட்டத்தில் ஒருவர், மிளகாய் இலையைப் படம் பிடித்தால் நோயைச் சொல்லும் ஒன்றைக் கொண்டுவந்தார். “புதுசா ஒரு பகுதி சேத்திருக்கோம் சார், உலகத்துலயே இல்ல” என்று அளந்துவிட்டார். சார் பொறுமையாகக் கேட்டார். “அந்தப் புதுசக் கழட்டிட்டு ஓட்டுங்க, பாப்போம்.”

கழற்றினார்கள். முன்பு சொன்னதையே பிசகாமல் சொன்னது. “பெயிண்ட் அடிச்சிருக்கீங்க தம்பி. உள்ள பழசுதான்” என்றார் சார். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் இதே வைத்தியம்தான். மாணவர்கள் ‘பழசு சார்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். காதில் விழுந்தால் சிரித்துக்கொள்வார்.

போன வருஷம் தங்கச்சிமடத்திலிருந்து ஜெசிந்தா வந்தாள். அப்பா விசைப்படகு ஓட்டுகிறவர். எஞ்சின் சத்தத்தைக் கேட்டு, நடுக்கடலில் பழுதாகும் முன்பே எச்சரிக்கும் ஒன்றைச் செய்திருந்தாள். “இது எல்லா நாட்டுலயும் இருக்கு, பழசு” என்று மற்ற இருவரும் முடித்துவிட்டார்கள். சார் மட்டும், “எப்படிம்மா கத்துக்கிச்சு?” என்றார்.

“மத்ததெல்லாம் கெட்டுப்போன எஞ்சினோட சத்தத்தக் கேட்டுக் கத்துக்கும் சார். எங்ககிட்ட அந்தப் பதிவு ஏது? ஏதோ சரியில்லன்னு தோணுனா அப்பா தன்னால வேகத்தக் குறைப்பாரு. அவர் கை குறைக்கிற நேரத்துச் சத்தத்த வச்சுக் கத்துக்குடுத்தேன்.”

“அதக் கழட்டும்மா.”

கழற்றினாள். முன்பு கண்டுபிடித்த பழுதையெல்லாம் கோட்டைவிட்டது. மாட்டினாள், மறுபடி பிடித்தது. சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “சத்தம் கேக்குறது பழசு. யாருகிட்டக் கத்துக்கிச்சுங்கிறதுதான் புதுசு” என்று தனியாளாகக் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் ஊர்வாய் சும்மா இருக்குமா? வயசாகிவிட்டது, மனசு இளகிவிட்டது என்றார்கள். விஷயம் வெளியூர் வல்லுநர்களிடம் போனது. அதற்குள் சாருக்கு இதயம் பலவீனமாகி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். நான் பார்க்கப் போகும்போதெல்லாம் ஒரே கேள்வி: “பதில் வந்துச்சாம்மா? நான் சொன்னது தப்புன்னா, பழசுன்னு திருப்பி அனுப்புன பிள்ளைகளுக்கெல்லாம் என்ன பதில் சொல்லுவேன்?”

அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. வந்துவிட்டது என்று ஒரு பொய் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். இவரிடம் பொய் சொல்லித் தப்பிக்க முடியுமா!

போன வாரம் நிஜமாகவே வந்தது. ஓட்டமும் நடையுமாகப் போய், “புதுசுதான்னு சொல்லிட்டாங்க சார்!” என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், “எங்கெங்க தேடுனாங்களாம்?” என்கிறார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தேடிய இடங்களையெல்லாம் வாசித்தேன்.

“கழட்டிப் பாத்தாங்களா?”

“பாத்தாங்க சார்.”

“அப்பச் சரி” என்று கண்ணை மூடினார். ரொம்ப நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அசந்து தூங்கினார் என்று செந்தில் சொன்னான்.

இன்று சாரின் வீட்டில் ஜெசிந்தாவும் அவள் அப்பாவும் மாலையோடு நின்றிருந்தார்கள். நான் சாரின் தலைமாட்டில் நின்றேன். ‘உங்களை மாதிரி இன்னொருத்தர் இல்ல சார்’ என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கெங்கம்மா தேடுன என்று கேட்பாரே! கும்பிட்டுவிட்டு நகர்ந்தேன்.

நிம்மதியாகப் போய்வாருங்கள், சார்.