தரைக்குக் குடிதண்ணீர்

போன மாதம் என் புது வீட்டுத் தரை பல்லிளித்துவிட்டது.

புது வீடு என்றதும் பங்களாவை நினைத்துவிடாதீர்கள். ராமநாதபுரத்தில் ஒரு கூடம், ஓர் அறை, அடுப்படி... அவ்வளவுதான். ஆனால் கூடத்தில் பூப்போட்ட டைல்ஸ்! காரைக்குடிப் பக்கமிருந்து வைக்கோலில் பொதிந்து வரவழைத்தது. பதித்துச் சில வாரங்கள்கூட ஆகவில்லை - கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சந்தில் பூசிய சிமெண்ட் வெடித்து, வெள்ளையாக உப்புப் பூத்து, துடைப்பம் பட்டால் தூளாக வந்தது.

இதில் என்ன குடி முழுகிவிட்டது என்கிறீர்களா? ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து என் மாமனார் வருவதாக இருந்தார். "மாப்பிள்ளை வீடா கட்டப் போறாக? குட்டிச்சுவருல்ல கட்டுவாக!" என்று ஊர் கேட்கச் சொன்னவர். அவர் இதே கூடத்தில் உட்கார்ந்து, தரையைப் பாராட்டிவிட்டுச் சாப்பிட வேண்டும் - இது என் மனைவியின் சபதம்.

கொத்தனார் கருப்பையாவை வரவழைத்துக் குரலை உயர்த்தினேன்.

"என்னய்யா, சிமெண்டைப் போட்டீரா, திருநீறைப் போட்டீரா?"

அவர் சந்துப் பூச்சைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். "கரிக்குது. எந்தத் தண்ணிய ஊத்தி நனைச்சீக?"

"நீர் சொன்ன ஊருணித் தண்ணிதான்," என்றேன் கம்பீரமாக. பக்கத்தில் மனைவி உத்தரத்தை ஆராய ஆரம்பித்தாள்.

"ஏங்க, வண்டியில வார நல்ல தண்ணிய ஒரு பொம்பள தரையில ஊத்துனா தெருவுல என்ன பேசுவாக? கெணத்துத் தண்ணியத்தான் ஊத்துனேன்."

எங்கள் ஊர்க் கிணறு உப்பு. குடிக்கிற ஊருணித் தண்ணீர் குடக் கணக்கில் வண்டியில் வருகிறது. அதைத் தரையில் ஊற்றுகிறவளை யார் மதிப்பார்கள்?

"சரி தாயி. ஈரச் சாக்காச்சும் ஒரு வாரம் கெடந்துச்சா?"

இப்போது உத்தரத்தைப் பார்ப்பது என் முறை. மறுநாளே சாக்கைச் சுருட்டிவிட்டு, ஈஸிசேரைப் போட்டுப் பேப்பர் படித்த மகான் நான்தான்.

"நீரு மட்டும் என்ன யோக்கியமா?" மனைவி கொத்தனார் பக்கம் திரும்பினாள். "வீட்டுக்குப் போற அவசரத்துல, கலவையில தண்ணிய ஊத்தி மோரு மாதிரி ஓடவிட்டீரே!"

"அதுவும் உண்டு தாயி," என்று சிரித்தார் கருப்பையா. ஆக, உப்பு அவள் உபயம், காய்ச்சல் என் உபயம், மோர் அவர் உபயம். தரை பாவம், என்ன செய்யும்?

பழைய பூச்சைச் சுரண்டி எடுத்து, கெட்டியாகக் குழைத்து அழுத்திப் பூசி, சாக்கை விரித்தார். "ஒரு வாரம் ஈரம் காயப்படாது. ஆரும் மிதிக்கப்படாது. நல்ல தண்ணி!"

நல்ல தண்ணிக்கு எங்கே போவது? வண்டிக்காரர் கூடுதலாக ஒரு குடம்கூடத் தர மாட்டார். சமையலைக் குறைக்க முடியாது. மிச்சம் என்ன இருக்கிறது?

"காப்பியா, தரையா?" என்றாள் மனைவி. நான் யோசித்து வாயைத் திறப்பதற்குள் தீர்ப்பாகிவிட்டது.

கிணற்று நீரில் ஒருநாள் நானே காப்பி போட்டுப் பார்த்தேன். தனுஷ்கோடிக் கடலில் சர்க்கரை போட்டதுபோல் இருந்தது. அங்கே கூடத்திலோ, வாசல் கதவைச் சாத்திக்கொண்டு, கள்ளச்சாராயம் காய்ச்சுகிற பயத்தோடு, சாக்குக்கு ஊருணித் தண்ணீரை வார்த்துக்கொண்டிருந்தாள் அவள். சாக்கு குடிப்பதைப் பார்த்து எனக்கு நாக்கு வறண்டது.

முந்தாநாள் மாமனார் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக நடந்தார். கைத்தடியால் இங்கன தட்டினார், அங்கன தட்டினார். ஒரு சந்தை நகத்தால் கீறிக்கூடப் பார்த்தார்.

"தரை பாறை மாதிரில்ல இருக்கு, தாயி!" என்று சொல்லிவிட்டுத்தான் இலை முன் உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அப்புறம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாப்பிள்ளைதான் வத்திப்போயிட்டாக. அவுகளுக்கும் ஏதாச்சும் குடிக்கக் குடு."

தரைச் சந்தை அடைக்கச் சிமெண்ட் இருக்கிறது. மாமனார் வாய்க்கு?