எலியா, எலெயா?

சேலத்திலிருந்து மைசூருக்கு வந்து, மண்டி மொஹல்லாவில் ஒரு தமிழ்ப் பெண்கள் பள்ளியில் உபாத்தியாயினியாகச் சேர்ந்த புதிது. எனக்குக் கன்னடம் அரைகுறை. ஊரெங்கும் பிளேக் பயம்; எலி செத்து விழுந்தால் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்கு வெளியே கொட்டகைக்குப் போகவேண்டிய காலம்.

ஒருநாள் மாடியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கொல்லையிலிருந்து ஆயாவின் குரல் கேட்டது: "தும்ப எலெ பித்திதே!"

"ஐயோ, எலி விழுந்திருக்கு! ஓடுங்க!" என்று அலறினேன். டீச்சர் சொன்னால் சொன்னதுதானே! ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. குறுகலான மாடிப்படியில் முண்டியடித்தார்கள். முன்னால் போன சிறுமி தடுக்கி விழுந்தாள். பின்னால் வந்தவர்கள் அவள்மேல் சரிய இருந்தார்கள். எனக்கு உயிரே போயிற்று.

"நில்லுங்கடி!" என்று ஒரு குரல். ஜன்னலோரம் நின்ற ருக்மிணிதான். "நான் எட்டிப் பாத்தேன் டீச்சர். எலி இல்லே, எலெ! கன்னடத்துல எலென்னா இலை. மரத்தடியில நிறைய கொட்டியிருக்கு, ஆயா பெருக்கறா."

நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றுமுதல், நான் சொல்வதையும் விசாரித்துத்தான் ஏற்கவேண்டும் என்று வகுப்பில் சொல்லிவைத்திருக்கிறேன். போன வாரம் ஒருத்தி, "பேய் உண்டா டீச்சர்?" என்றாள். பழைய வழக்கத்தில் என் அபிப்பிராயத்தைச் சொல்ல வாயெடுத்தேன்.

"எட்டிப் பாத்தீங்களா டீச்சர்? எலியா, எலெயா?" என்றது வகுப்பு முழுவதும்.