ஒரே துண்டாக இடம் கேட்ட டிரைவர்

குமரேசன் அப்பா வேர்க்கடலை போட்ட மல்லாட்டைக் கொல்லையை விட்டுவிட்டு, ஆசிரமத்துக்குப் பக்கத்தில் செங்கம் ரோட்டில் இன்டர்நெட் கடை போட்டவன். இரண்டாயிரத்து எட்டில் கடைக்கு வயர்லெஸ் வைத்தான். வைத்தானோ இல்லையோ, பிடித்தது சனி! மெஷின் பல நாள் ஓடிய பிறகு வயர்லெஸ்ஸை ஒருமுறை நிறுத்திப் போட்டால் போதும், எழவே எழாது. லேப்டாப்போடு வந்த வெள்ளைக்காரர்கள் எதிர்க்கடைக்கு நடையைக் கட்டுவார்கள்.

கோளாறு டிரைவரில், அதாவது மெஷினில் வயர்லெஸ் கார்டை இயக்கும் மென்பொருளில். கார்டுக்குள்ளேயே ஓடும் ஃபர்ம்வேர் என்கிற நிரலை ஏற்ற, மெமரியில் அது ஒரே துண்டாகப் பெரிய இடம் கேட்டது. நாள்பட ஓடிய மெஷினில் இடம் இருக்கும், ஆனால் சிதறிக் கிடக்கும். பௌர்ணமிக் கிரிவலக் கூட்டத்தில் பஸ் ஏறி, ஊரே சேர்ந்தாற்போல உட்காரணும் என்று அடம்பிடித்தால் நடக்குமா? கிடைத்த சீட்டில் உட்கார வேண்டியதுதானே!

மண்டையை உடைத்துக்கொண்டு, சின்னச் சின்னத் துண்டாகக் கேட்கும்படி டிரைவரை மாற்றி எழுதினான். யார் திருத்தி அனுப்பினாலும் பார்த்து அதில் சேர்க்கும் வெளிநாட்டுக்காரருக்கு அனுப்பினான். 'நாள்பட ஓடிய மெஷினில் சோதித்து, இரண்டு வாரம் கழித்து வரும் வெள்ளிக்கிழமைக்குள் சொல். இல்லையென்றால் இந்த வெளியீட்டில் சேர்க்க முடியாது' என்று பதில் வந்தது. இரண்டு வாரம் மெஷினை அணைக்காமல் காத்தான்.

வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் போய்வந்து வயர்லெஸ்ஸை நிறுத்திப் போட்டான். சட்டென்று எழுந்தது! குமரேசனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. 'சோதித்துவிட்டேன்' என்று அடித்தான். எத்தனை நாளாக ஓடுகிறது என்பதையும் சேர்க்கலாமென்று மெஷினைக் கேட்டான். அரை மணி நேரம் என்றது. மூலையில் சாமி படத்துக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்த மனைவியிடம் திரும்பினான்.

"அருணா! மெஷின தொட்டியா?"

"போன வெள்ளிக்கெழமையும் மெஷினுக்கு பொட்டு வெக்க உடல நீங்க. ஈரத்துணி வெச்சு தொடைக்கணும், ஷாக் அடிக்கும்னு அணைச்சேன். உடனே போட்டுட்டேங்க."

"அடிப்பாவி! எல்லாம் நாசமா போச்சு!"

"ஏன் கத்துறீங்க? இப்ப ஓடுதா இல்லியா?"

ஓடத்தான் ஓடியது. அணைத்துப் போட்ட மெஷினில் பழைய டிரைவரும்தான் ஓடும். இதை இவளுக்கு எப்படிச் சொல்லுவது? அந்த வெளிநாட்டுக்காரருக்கு மட்டும் தெரியவா போகிறது, அப்படியே அனுப்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு அடித்த வரியை அழித்தான். 'சோதிக்க முடியவில்லை' என்று எழுதி அனுப்பினான்.

அருணாதேவி கற்பூரத் தட்டை நீட்டினாள். "எடுத்துக்கங்க. இனிமே நல்லாத்தான் ஓடும்."