லேயாள் அக்கா பந்திக்குப் போகாத மாதங்கள்

லேயாள் அக்கா காலமான செய்தியைப் போடியிலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர்தான் கொண்டுவந்தார். பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி, "டீச்சர், தேவாரத்துப் பெரிய டீச்சரம்மா தவறிட்டாகளாம். சாயந்திரம் அடக்கமாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அழுகை வரவில்லை. அன்று மாலை எங்கள் சபையின் வாலிபப் பெண்கள் ஐக்கியத்தின் கூட்டம் இருந்தது. அதை யாரை வைத்து நடத்துவது என்றுதான் மனம் முதலில் ஓடியது. வெட்கமாக இருந்தது.

அடக்க ஆராதனையில் பேசிய எல்லோரும் அக்கா ஓய்வில்லாமல் ஊழியம் செய்ததைச் சொன்னார்கள். அவர் ஒரு காலத்தில் அந்த ஊழியத்தை நிறுத்தி வைத்ததை ஒருவரும் சொல்லவில்லை. அவரை நன்றாக அறிந்தவர்களுக்கு அது தெரியும். அதைப் பேசுவது மரியாதையல்ல என்று நினைத்திருப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

யுத்தத்துக்கு முந்தின வருஷங்கள் அவை. நாங்கள் இருவரும் சின்னமனூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். ஒரே வீட்டில் குடியிருந்தோம். சனிக்கிழமையானால் அக்கா மாட்டுவண்டி ஏறிவிடுவார். உத்தமபாளையம், கம்பம், தேவாரம் என்று வயல்வேலைக்கும் ஏலத்தோட்டத்துக்கும் போகிற பெண்பிள்ளைகளைக் கூட்டிப் பாட்டும் ஜெபமும் நடத்துவார். அவர் குரல் கேட்டால் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு ஓடிவருவார்கள். கல்யாணம் வேண்டாம், படிக்கவேண்டும் என்று வீட்டில் வாய்திறந்து சொல்ல அவரால் துணிந்த பிள்ளைகள் பலர்.

அப்படித் துணிந்தவர்களில் ஒருத்தி தேவாரத்துப் பூரணம். மலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போனவள் காய்ச்சலோடு இறங்கினாள். ஐக்கியத்துப் பிள்ளைகள் எல்லோரும் உபவாசமிருந்தார்கள். நானும் அக்காவோடு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். பூரணத்தின் தாய் ஞானம்மா, "டீச்சரம்மா, போடி ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டவா?" என்று கேட்டார். அக்கா நோயாளியின் தலையில் கைவைத்தபடி, சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பயப்படாதீக. ஆண்டவர் எனக்குக் காட்டிட்டார். இவ பிழைச்சுக்குவா."

பூரணம் மறுநாள் இறந்துபோனாள்.

அதற்குப் பிறகு அக்கா சும்மா இருந்து நான் பார்க்கவில்லை. சனிக்கிழமை மட்டும் இருந்த கூட்டம் வாரத்தில் நான்கு நாளாயிற்று. ஆண்டிபட்டி வரைக்கும் போய்வந்தார். முன்னைவிடச் சூடாகப் பேசினார். பிள்ளைகள் முன்னைவிட அழுதார்கள். வீட்டுக்கு வந்தால் வேதப்புத்தகத்தை மறுநாள் பிரசங்கத்துக்காக மட்டும் திறப்பார். விளக்கை ஊதிவிட்டுப் படுத்த பிறகும் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார். அமைதியைக் கண்டு பயந்தவரைப் போல இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பமும் ரசமும் கை நீட்டி வாங்கும் இராப்போஜனப் பந்திக்கு எல்லோரும் எழுந்தோம். பிள்ளைகளை வரிசையில் அனுப்பிவிட்டு அக்கா தன் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அடுத்த மாதமும் அப்படியே. சபையில் முணுமுணுப்பு எழுந்தது. என்ன பாவம் செய்தாளோ என்று என் காதுபடவே கேட்டார்கள். வீட்டில் நான் நேராகவே கேட்டேன். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"சாரா, நாள்பூரா சமைச்சுப் போடுறவளுக்கு அந்த வாசனையிலேயே வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கும். சாப்பிட்டியானு கேட்டா, சாப்பிட்டிருக்க மாட்டா. நான் அப்படித்தான் இருக்கேன். ரொம்ப நாளா."

"பூரணம் செத்ததுக்கு நீங்க என்ன செய்வீங்கக்கா?"

"அவர் காட்டாததைக் காட்டினாருனு சொன்னேன். பிள்ளைக முன்னால பெரிய விசுவாசியா நிக்கணும்னு சொன்னேன். அந்தக் கையை எப்படி நீட்டுவேன்?"

அதன்பின் இருவரும் தேவாரம் போனோம். ஞானம்மா நிலக்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார். அக்கா வரப்பிலேயே நின்று, தான் சொன்னது பொய் என்று சொன்னார். ஞானம்மா நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார். கையிலிருந்த செடியை உதறிவிட்டுச் சொன்னார்.

"நீங்க அப்படிச் சொல்லலைன்னா நான் வண்டி கட்டிருப்பேன் டீச்சரம்மா. கட்டிருந்தா பிழைச்சிருப்பாளோ, என்னமோ. அது எனக்கும் தெரியாது. ஆனா கட்டிருப்பேன்."

அக்கா வயலில் இறங்கிச் செடி பிடுங்க ஆரம்பித்தார். ஞானம்மா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை.

எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் அக்கா விஷயத்தைச் சொன்னபோது அவர் பதறிப்போனார். "இதைப் பிள்ளைகள் காதில் போடாதேம்மா. அவர்கள் விசுவாசம் உன்மேல் நிற்கிறது" என்றார். "அதுதான் ஐயரே, எனக்குப் பயமா இருக்கு" என்றார் அக்கா. அடுத்த கூட்டத்தில் பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். இனிமேல் நடத்தப்போவதில்லை என்றும், அவர்களோடு பாயில் உட்காரப்போவதாகவும் சொன்னார். ஒரு பிள்ளை எழுந்து வெளியே போனாள். சில வீடுகளில் அதற்குப் பிறகு பெண்களை அனுப்பவில்லை. கூட்டம் என் தலையில் விழுந்தது.

அந்த மாதங்களில் அக்கா பரிசுத்தவதியாக மாறிவிட்டார் என்று யாரும் நினைக்கவேண்டாம். முதலில் அவரோடு ஒரு வீட்டில் இருப்பதே கடினமாக இருந்தது. கூட்டிய வீட்டையே திரும்பக் கூட்டுவார். ஜெபிக்க உட்கார்ந்து, உடனே எழுந்து, அடுப்பை மூட்டுவார். "பேச ஆள் இல்லேன்னா எனக்கு ஜெபமே வரல. இத்தனை வருஷமும் யார்கிட்ட பேசினேன்?" என்று ஒருநாள் கேட்டார். ஆனாலும் மறுநாளும் உட்கார்ந்தார். சனிக்கிழமைதோறும் தேவாரம் போய் ஞானம்மாவின் வயலில் வேலை செய்தார். இருவரும் பேசிக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

அறுப்பின் பண்டிகை ஞாயிறன்று ஞானம்மா சின்னமனூர்க் கோயிலுக்கு வந்தார். கடலை மூட்டையைக் காணிக்கையாக வைத்துவிட்டுப் பெண்கள் பக்கத்தில் அக்காவுக்கு அருகே உட்கார்ந்தார். பந்திக்கு ஐயர் அழைத்தபோது எழுந்தவர், அக்கா எழாததைப் பார்த்து நின்றார்.

"எந்திரிங்க டீச்சரம்மா."

"நீங்க போங்க."

"எனக்கு உங்க மேல கோவம் போகல. கோவத்தோட தனியாப் போக எனக்கும் பயமா இருக்கு. எந்திரிங்க."

இருவரும் சேர்ந்து போனார்கள். அக்கா கை நீட்டியதைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

பின்பு அவர் மறுபடியும் ஐக்கியத்தை நடத்தினார், தேவாரத்துக்கே மாறிப்போய். பழைய கூட்டம் சேரவில்லை. நோயாளி வீட்டுக்குப் போனால் முதலில் வண்டி கட்டச் சொல்வார். பிழைப்பார்களா என்று கேட்டால், "தெரியலம்மா. நான் இங்கனதான் இருப்பேன்" என்பார். அந்தப் பதில் பலருக்குப் பிடிக்கவில்லை. விசுவாசம் குறைந்த டீச்சர் என்றார்கள். அதைக் கேட்டு அவர் சிரித்ததும் உண்டு, வருந்தியதும் உண்டு.

சென்ற வருஷம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். என் கூட்டங்களைப் பற்றி, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளைப் பற்றி, வடுகபட்டியில் தொடங்கப்போவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனேன். காபியை என் கையில் கொடுத்துவிட்டு, "இதெல்லாம் பிள்ளைகளுக்காகவா சாரா, இல்ல நீ தனியா உக்காரப் பயந்துக்கிட்டா?" என்று கேட்டார். குற்றம் சாட்டும் குரல் அல்ல அது. அந்த வழியில் ஏற்கெனவே போய்வந்தவரின் குரல். நான் பேச்சை மாற்றிவிட்டேன். அவரும் விட்டுவிட்டார்.

அக்காவின் பாட்டுப்புத்தகம் அவர் தங்கை மகளிடம் போனது. எனக்கு வந்தது இந்தக் கேள்வி. ஐக்கியத்துப் பிள்ளைகளிடம் இந்த வாரம் கூட்டம் இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து எங்காவது போகவேண்டும்போல் இருக்கிறது. போகவில்லை.