சிவப்புப் பொட்டு வைத்த ஸ்கேட்

ரோஹித் கனடாவுக்கு விமானம் ஏறியது விஜயதசமி அன்று. கல்பாக்கம் குடியிருப்பிலிருந்து கிளம்பிய கார், ஏர்போர்ட்டுக்குப் போகிற அவசரத்திலும் சதுரங்கப்பட்டினத்தில் எல்லப்பனின் சைக்கிள் கடை முன்னால் நின்றது. ரோஹித்தின் அம்மா லதா கண்ணாடியை இறக்கி, "ரெடியா வச்சிருக்கீங்களா?" என்றாள்.

எல்லப்பனின் மனைவி வேண்டா பையோடு ஓடிவந்தாள். உள்ளே ஒரு ஜோடி ஐஸ் ஸ்கேட். அடியில் கத்தி வைத்த பூட்ஸ்.

"தம்பி, இறங்கி ஒருவாட்டி போட்டுப் பாத்துடு. ஸ்க்ரூவையும் முடுக்கிக் குடுத்துட்றேன்."

"நேரமில்லைங்க. சைஸ் முன்னாடியே பாத்தாச்சே" என்றாள் லதா. "அங்க போய் வாங்கினா கொள்ளை விலையாம். குக்கர், புளி, வடகம் எல்லாம் ஏத்தியாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி."

வேண்டா ஸ்க்ரூ டிரைவருக்காகத் திரும்பினாள். கடைக்குள்ளிருந்து எல்லப்பன் கத்தினான். "ஏய், பூஜைல வெச்சது! மறுபூஜை போட்டுத்தான் ஆயுதத்துல கை வெக்கணும். குங்குமம்கூட காயல."

அதற்குள் பையை வாங்கிக்கொண்டு கார் போய்விட்டது.

வேண்டா திருக்கழுக்குன்றத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் மூன்றாவது பெண்ணாகப் பிறந்தவள். நான்காவதும் பெண்ணாகப் பிறந்துவிடக் கூடாதென்று இந்தப் பெயரை வைத்தார்கள். நான்காவதும் பெண்தான். கல்யாணத்துக்குப் பிறகு முட்டுக்காட்டுப் பக்கம் ஒரு கேளிக்கைப் பூங்காவில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே ஐஸ் சறுக்குத் தளம் ஒன்று இருந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே அவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஸ்கேட் கொடுத்து, திரும்ப வாங்கி, ஈரம் துடைத்து அடுக்குவாள். பல வருஷம் துடைத்தாள். கரண்ட் பில் கட்டுப்படியாகாமல் தளத்தை மூடியபோது, மிச்சமிருந்த ஸ்கேட்டுகளை அவளே மலிவாக எடுத்துக்கொண்டாள். சைக்கிள் ட்யூப்களுக்குப் பக்கத்தில் கயிறு கட்டி அவற்றைத் தொங்கவிட்டாள்.

"இன்னாடி இது?" என்று மீன்கூடையோடு வந்த சம்பூர்ணம் கேட்டாள். "மீனுக்கே ஐஸ் பத்தலன்னு நாங்க அல்லாடிகினு கீறோம். நீ ஐஸ் மேல நடக்கறதுக்கு ஷூ விக்கிறியா?"

சிரித்தவர்கள் சிரிக்க, போனில் போட்ட விளம்பரத்தைப் பார்த்துப் பழைய மகாபலிபுரம் சாலை அடுக்குமாடிகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வேண்டா பார்சலில் அனுப்ப மாட்டாள். நேரில் வரவேண்டும், தடித்த சாக்ஸோடு போட்டுக் கயிறு இறுக்கி நிற்கவேண்டும், குதிகால் உள்ளே தூக்கக் கூடாது. பிறகு அவளே கத்தியைப் பிடித்து ஆட்டிக் காட்டுவாள். வளர்கிற பிள்ளை, ஒரு சைஸ் பெரிதாகக் கொடுங்கள் என்று கேட்காத அம்மாவே கிடையாது. "வளர்ற புள்ளதான். வளர்றதுக்குக் காலு நல்லா இருக்கணும்ல?" என்பாள். பாதிப் பேர் முகம் சுளித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

தளத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஸ்க்ரூ துருப்பிடித்தோ ஓட்டை தளர்ந்தோ போன ஸ்கேட்டின் அடித்தகட்டில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைப்பார்கள். பொட்டு வைத்தது வெளியே போகாது. கடையிலும் அவள் அதையே செய்தாள். பொட்டு வைத்த ஜோடி ஒன்றே ஒன்று, ரிப்பேருக்காகக் கயிற்றின் கடைசியில் தொங்கியது.

விஜயதசமி சாயங்காலம், உப்புக் காற்றில் சந்தன ஈரம் இருந்தால் துரு ஏறுமே என்று வேண்டா ஸ்கேட்டுகளைத் துடைக்க உட்கார்ந்தாள். எல்லாவற்றிலும் பொட்டு. குங்குமப் பொட்டு. துடைத்தாள், போயிற்று. அடுத்ததிலும் போயிற்று. கடைசி ஜோடி வரை எல்லாமே போயிற்று. அடியில் புத்தம்புது சில்வர் பெயின்ட் பளபளத்தது.

"இதுக்கெல்லாம் எப்ப பெயின்ட் அடிச்ச?"

"பூஜைக்கு மொத நாளு. நீ வூட்ல பொரி கட்டிகினு இருந்த. ஸ்டாண்டு, ஸ்பேனரு, வைஸு எல்லாத்துக்கும் அடிச்சேன், இதுக்கும் அடிச்சேன். பாக்க புதுசாட்டம் இல்ல?"

"ஒண்ணுத்துல செவப்பா பொட்டு இருந்துதே?"

"ஆமா, போன வருஷத்து குங்குமம். அதும்மேலயே அடிச்சுட்டேன்."

வேண்டா பழைய பிளேடால் ஒவ்வொரு ஜோடியின் அடியையும் சுரண்டினாள். எதிலும் சிவப்பு இல்லை. பூஜைக்குக் கழற்றியதில் வரிசை மாறி, அதே சைஸிலிருந்த பொட்டு ஜோடியைத்தான் பையில் போட்டிருக்கிறாள். அப்படியென்றால் அந்த ஜோடி இப்போது ஆகாயத்தில் பறந்துகொண்டிருந்தது.

ரோஹித்தின் போன் அணைந்திருந்தது. குரல் பதிந்து அனுப்பினாள். "தம்பி, அந்த ஷூவப் போடாத. அடியில பெயின்ட்டச் சுரண்டிப் பாரு, செவப்பா தெரியும். ஸ்க்ரூ தாங்காது. ஓட்றப்ப கத்தி கழண்டுகினா காலு போய்டும்..." நடுவில் எல்லப்பன், "இப்ப எதுக்கு ஊரக் கூட்ற?" என்று கத்தியதும் சேர்ந்தே பதிவாகியிருந்தது. ஒற்றை டிக் விழுந்தது. மறுநாளும் ஒற்றை டிக்தான்.

கல்பாக்கத்துக்குப் போய் லதாவைப் பார்த்தாள்.

"சொல்றேங்க. அவன் இப்பதான் போய் இறங்கியிருக்கான், வீடே கிடைக்கல" என்றாள் லதா.

மறுபடி போனாள். "சொல்லியாச்சு, சரின்னான். பணம் எதுவும் திருப்பித் தர வேண்டாம், விடுங்க."

"பணம் இல்லம்மா. தம்பி சுரண்டிப் பாத்தாரா?"

லதா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே குக்கர் விசில் அடித்தது. "கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மகனிடம் அவள் சொன்னாளா இல்லையா என்று அந்த முகத்திலிருந்து தெரியவில்லை. மூன்றாம் முறை போகப் பஸ் ஏறிய வேண்டா, என்ன முகத்தோடு கேட்பது என்று நினைத்து வழியிலேயே இறங்கித் திரும்பிவிட்டாள்.

அதற்கப்புறம் அவளுக்கு வியாபாரத்தில் மனம் ஒட்டவில்லை. யார் வந்தாலும் சுரண்டிக் காட்டினாள், ஆட்டிக் காட்டினாள், திரும்பத் திரும்பச் சொன்னாள். வாங்க வந்தவர்கள் பயந்து போனார்கள். டிவியில் எங்கோ பனி கொட்டினால் எழுந்து வெளியே போய்விடுவாள். "அந்தப் பையன் பாட்டுக்கு ஓடிகினு இருப்பான், நீ இங்க விழுந்துகினு இருக்க" என்றான் எல்லப்பன். ஆனால் அடுத்த ஆயுத பூஜைக்குப் பெயின்ட் டப்பாவை எடுத்தவன், ஸ்கேட்டுகள் பக்கம் போகவில்லை. அவள் சொல்லவும் இல்லை.

அடுத்த கார்த்திகையில், மழைக்குக் கடையைப் பாதி இறக்கியிருந்தபோது போன் அதிர்ந்தது. அவளுடைய பழைய குரல் பதிவுக்குப் பக்கத்தில் இரண்டு டிக், அதற்குக் கீழே ரோஹித்தின் குரல்:

"ஆன்ட்டி, மன்னிச்சுக்கோங்க. பழைய நம்பர இன்னைக்குத்தான் திறந்தேன். அம்மா ஏதோ பெயின்ட்னு சொன்னாங்க, எனக்குப் புரியல. அந்த ஸ்கேட்ட நான் ஒரு நாள்கூடப் போடல. வேலைக்கும் ரூமுக்குமா ஓடினதுலயே காலம் போச்சு, கட்டிலுக்கு அடியிலயே கெடந்துது. நாளைக்கு வீடு மாத்தறேன், அதான் வித்துடலாம்னு எடுத்தேன். சுரண்டினேன். செவப்பு இருக்கு. வாங்க வந்தவர்கிட்ட நீங்க பேசினதப் போட்டே காட்டினேன். தமிழ் தெரியாத மனுஷன், முழுசாக் கேட்டாரு. அர்த்தம் சொன்னேன். எல்லா ஸ்க்ரூவையும் கடையில மாத்தாம போடவே மாட்டேன்னு சொல்லித்தான் எடுத்துட்டுப் போனாரு. ஆன்ட்டி, அதுல உங்க குரல் ரொம்பக் களைச்சுப்போய்க் கேட்டுது. இப்ப நல்லாத் தூங்குறீங்களா?"